நவம்பர் 11: பொப்பி குத்துவதிலிருந்து மலர்வளையம் வைப்பது வரை

போரில் இறந்த படையினரை நினைவுகூரும் நாள் நவம்பர் 11, நினைவு தினம். அதற்காகப் பொப்பி என்ற சிவப்புச் செயற்கைப் பூவைச் சட்டையில் குத்தும் காலம் கனடாவில் ஒக்டோபர் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. அன்று முதல் நவம்பர் 11 வரை பலசரக்குக் கடை, வங்கி, கோப்பிக் கடை என்று எங்கே போனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் சிவப்புப் பூப்பெட்டி ஒன்று இருக்கும். பூவை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு வாகனத் தரிப்பிடம் போய்ச் சேர்வதற்குள் அது எங்கேயோ விழுந்திருக்கும். நினைவு தினத்தைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஆனாலும் அதிகம் பேர் கேட்பது, இந்தப் பூவை விழாமல் வைத்திருப்பது எப்படி என்பதைத்தான்.

பூவைக் குத்துவது

முதலில் ஒன்று: இந்தப் பூவுக்கு விலை கிடையாது. றோயல் கனேடியன் லீஜன் என்ற முன்னாள் படையினர் அமைப்பின் தொண்டர்கள் அதைக் கொடுப்பார்கள். விரும்பியதைப் பெட்டியில் போடலாம். சில பெட்டிகளில் வங்கி அட்டையைத் தொட்டும் கொடுக்கலாம். சேரும் பணம் தனி நிதியாக வைக்கப்பட்டு, முன்னாள் படையினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகிறது.

பூ இடது பக்கம், இதயத்துக்கு நேராக இருக்கவேண்டும். கோட் போட்டிருந்தால் இடது மடிப்பில். அது விழுவதற்கு இரண்டு காரணங்கள். பின்னால் இருப்பது கொக்கியோ பூட்டோ இல்லாத வழுவழுப்பான குண்டூசி. அதோடு, இந்த நாட்டில் சாரதியின் இருக்கைப் பட்டி இடது தோளிலிருந்து இறங்குகிறது. பூ குத்திய இடத்தை அப்படியே உரசிக்கொண்டு போகும். தோள்பையும் அதே வேலையைத்தான் செய்யும்.

துணியைச் சிறிது கிள்ளி மடித்துப் பிடியுங்கள். ஊசியை மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாக உள்ளே விட்டு, வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விடுங்கள். முனை கடைசியில் துணிக்குப் பின்னால் நிற்கவேண்டும். முனை மேல்நோக்கி இருந்தால் பூவின் பாரமே ஊசியைக் கீழே இழுத்துக் கழற்றிவிடும். முனை வெளியே நின்றால், அன்று உங்களைக் கட்டிப்பிடிக்கிற முதல் ஆளுக்கு அது தெரியவரும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், தோட்டுக்குப் பின்னால் போடும் சின்ன ரப்பர் தக்கை ஒன்றை முனையில் செருகிவிடுங்கள். இதைவிட மலிவான வழி இல்லை.

சேலைக்கு இது இன்னும் சுலபம். முந்தானை இடது தோளில்தானே விழுகிறது. மடிப்புகளைப் பிடித்து ஊக்கு குத்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு மூன்று மடிப்புகளைச் சேர்த்துக் குத்தினால் அசையாது. பட்டில் ஓட்டை விழும் என்று பயந்தால் பின்னால் ஒரு துண்டுத் துணி வைத்துக் குத்துங்கள். பஞ்சோ இறகோ அடைத்த குளிர்கோட்டில் மட்டும் குத்தவேண்டாம். ஓட்டை வழியே இறகு வெளியே வரும், ஊசியும் நிற்காது. சால்வையின் இடது முனையில் குத்திக்கொள்ளலாம்.

பலர் ஊசியைக் கழற்றிவிட்டு, நடுவில் கனடாக் கொடி பொறித்த சிறு ஊசிச்சின்னத்தை வைத்துப் பூவை இறுக்குவார்கள். விழாதுதான். ஆனால் பூவை மறைக்கும் எந்தச் சின்னத்தையும் வைக்கவேண்டாம் என்பது லீஜனின் வேண்டுகோள். அந்தக் கறுப்பு நடு பூவின் பகுதி. 1980 முதல் 2002 வரை அது பச்சையாக இருந்தது. அதற்கு முன்பும் இப்போதும் கறுப்பு. வீட்டுப் பெட்டகத்தில் பச்சை நடு உள்ள பூ கிடைத்தால் அது போலியல்ல, அந்தக் காலத்துப் பூ.

ஒவ்வோர் ஆண்டும் வட்சப்பில் சுற்றும் செய்தி ஒன்று உண்டு: பூவின் இலை கடிகாரத்தின் 11 மணியைக் காட்டும்படி திருப்பிவைக்கவேண்டுமாம். கனேடியப் பொப்பிக்கு இலையே இல்லை. நான்கு சிவப்பு இதழ், ஒரு கறுப்பு நடு, அவ்வளவுதான். இலை இருப்பது பிரித்தானியாவில் அணியும் காகிதப் பூவுக்கு.

ஏன் இந்தப் பூ, ஏன் இந்த நேரம்

பொப்பி விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண்ணைக் கிளறி வெளிச்சம் படவிட்டால்தான் முளைக்கும். முதலாம் உலகப்போரில் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியை எறிகணைகள் உழுது போட்டன. புதைகுழிகளுக்கு நடுவே சிவப்பாகப் பூத்தது அதனால்தான். 1915 மே மாதம், ஈப்பர் அருகே நண்பர் ஒருவரைப் புதைத்த பிறகு, ஒன்ராறியோவின் குவெல்ஃப் ஊரைச் சேர்ந்த இராணுவ மருத்துவர் ஜோன் மக்ரே எழுதிய பதினைந்து வரிக் கவிதை பூவை நினைவுச் சின்னமாக்கியது. ஆனா கெரேன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி ஊர் ஊராகப் போய் வலியுறுத்தியதன் பேரில், 1921 இல் கனேடிய முன்னாள் படையினர் பொப்பியை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு முதல், போரில் உடல் ஊனமுற்றவர்களே பட்டறைகளில் அமர்ந்து பூவைச் செய்தார்கள்.

பாடசாலை நிகழ்வில் பிள்ளை அந்தக் கவிதையை வாசிப்பதென்றால் ஓர் இடத்தைக் கவனியுங்கள். அச்சான பாடத்தில் முதல் வரி ‘புளோ’ (blow) என்று முடியும். ‘குரோ’ (grow) என்பது கடைசிக்கு முந்தைய வரியில் வருவது. நெட்டுருச் செய்யும் பிள்ளைகள் இரண்டையும் மாற்றிச் சொல்வது வழக்கமான பிழை.

நேரத்துக்கு வருவோம். 1918 நவம்பர் 11 அதிகாலையில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தது காலை 11 மணிக்கு. இடைப்பட்ட நேரத்திலும் ஆட்கள் செத்தார்கள். கனேடியப் படையின் ஜோர்ஜ் லோரன்ஸ் பிரைஸ், பெல்ஜியத்தில் மொன்ஸ் அருகே, 10:58 க்குச் சுடப்பட்டு இறந்தார். இந்த 10:58 ஐ நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

கனடாவில் 1921 முதல் பத்தாண்டுகள் இந்த நாளையும் நன்றி தெரிவிக்கும் நாளையும் ஒரே திங்கட்கிழமையில் சேர்த்து அனுசரித்தார்கள். வான்கோழி விருந்தும் துக்கமும் ஒரே மேசையில். முன்னாள் படையினர் விடாமல் கேட்டதால் 1931 இல் நவம்பர் 11 என்றே நிலைப்படுத்தி, ‘நினைவு தினம்’ என்று பெயரும் மாற்றினார்கள்.

சங்கமோ பாடசாலையோ நடத்தும் நிகழ்வு

ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் இது சட்டப்படியான பொது விடுமுறை அல்ல. மத்திய அரசு அலுவலகங்களும் வங்கிகளும் மூடியிருக்கும், பாடசாலை நடக்கும். எனவே பல நிகழ்வுகள் வேலைநாளின் நடுவே ஒரு மணி நேரத்துக்குள் முடிகின்றன. வழக்கமான வரிசை இது: தேசிய கீதம், லாஸ்ட் போஸ்ட் என்ற ஊதுகுழல் இசை, இரண்டு நிமிட மௌனம், பேக்பைப்பில் இரங்கலிசை, ரவுஸ் என்ற குறுகிய ஊதுகுழல் அழைப்பு, நினைவு உறுதிமொழி, அதன் பிறகு மலர்வளையம். உறுதிமொழியின் கடைசி வரியை எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள்: ‘அவர்களை நினைவில் வைத்திருப்போம்.’ ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்வது வழக்கம். தமிழ்ச் சங்க நிகழ்வில் தமிழிலும் சேர்த்துச் சொல்வதில் தவறில்லை.

எல்லாமே கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: 11 மணி. பேச்சாளர் நீட்டிவிடுவார், 11:04 க்கு மௌனம் தொடங்கும். இதைத் தவிர்க்க நிகழ்ச்சியைத் தொடக்கத்திலிருந்து கணக்கிடாமல், 11:00 ஐ ஆணியடித்து வைத்து அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். லாஸ்ட் போஸ்ட் ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடம் ஓடும். எல்லோரும் எழுந்து, சத்தம் அடங்க அரை நிமிடம். ஆக, ‘எழுந்து நில்லுங்கள்’ என்ற அறிவிப்பு 10:58 க்கு வரவேண்டும். பிரைஸ் விழுந்த அதே நிமிடம். தேசிய கீதம் 10:55 க்கு. உரை இருந்தால் அது 10:54 க்குள் முடியவேண்டும், இல்லையென்றால் மலர்வளையத்துக்குப் பிறகு. உரையைப் பின்னால் தள்ளுவதே நல்லது. பேச்சாளரை மேடையிலிருந்து இறக்கும் வேலை மிச்சம்.

மண்டபத்துச் சுவர்க்கடிகாரத்தை நம்பவேண்டாம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னே போகிறது; அதை யாராவது ஏணி வைத்து மாற்றியிருப்பார்கள் என்று எதிர்பார்க்கமுடியாது. மாற்றியிருந்தாலும் நிமிடம் சரியாக இருக்காது. சிபிசி வானொலியில் தினமும் ஒலித்த நேர ஒலிக்குறியும் 2023 இல் நின்றுவிட்டது. கைபேசிக் கடிகாரமே போதும். அதைப் பார்த்துச் சைகை காட்ட ஒரே ஒருவரை நியமியுங்கள். இரண்டு பேர் என்றால் இரண்டு நேரம்.

ஊதுகுழல் வாசிப்பவர் கிடைத்தால் அதைவிடச் சிறப்பு இல்லை. கிடைக்காவிட்டால் பதிவு. பதிவை யூடியூபிலிருந்து நேரடியாகப் போடாதீர்கள்: மௌனத்துக்குள் நுழையும் நேரத்தில் காப்புறுதி விளம்பரம் பாடும். கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் ஒலிபெருக்கி ‘இணைக்கப்பட்டது’ என்று உரக்க அறிவிக்கும் பழக்கமுள்ளது. கம்பி போட்டு இணைத்து, கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். லாஸ்ட் போஸ்ட், ரவுஸ் இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால் நடுவில் இரண்டு நிமிட மௌனமும் பதிவாகியிருக்கிறதா என்று முதல்நாளே கடைசிவரை கேட்டுப் பாருங்கள். சில கோப்புகளில் மௌனத்தைப் பத்து விநாடியாக வெட்டியிருப்பார்கள்.

இரண்டு நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். முதல் நிமிடம் முடியும்போது சிறுவர்கள் நெளிவார்கள், யாராவது இருமுவார்கள். நடத்துநர் பதறி ‘நன்றி, அமருங்கள்’ என்று சொல்லிவிடக்கூடாது. மௌனத்தை முடிப்பது இசைதான், பேச்சு அல்ல. கைதட்டலும் எங்கேயும் வேண்டாம், பேக்பைப் எவ்வளவு நன்றாக வாசிக்கப்பட்டாலும். குத்துவிளக்கேற்றி, படத்துக்குப் பூப்போட்டுத் தொடங்க விரும்பும் சங்கங்கள் அதைத் தேசிய கீதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். திரி பற்றாமல் தீப்பெட்டியோடு போராடும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான்.

அழைப்பிதழில் போடக் கூகுளில் ஒரு பொப்பிப் படம் தேடி எடுப்பதற்கு முன்: கனடாவில் அந்தப் பூவின் உருவம் லீஜனின் பதிவுபெற்ற வணிகச் சின்னம். உள்ளூர்க் கிளையிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். பூவை அச்சடித்த சட்டை, கோப்பை விற்பது இன்னும் பெரிய சிக்கல்.

கொடி

அரைக்கம்பத்தில் கொடியை நேராக நடுவில் கட்டுவது பிழை. முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு இறக்கவேண்டும். மாலையில் கழற்றும்போதும் உச்சிக்கு ஏற்றிய பிறகே கீழே. கனடாவின் பொது விதிப்படி, கொடியின் நடுப்பகுதி கம்பத்தின் சரிபாதிக்கு வரவேண்டும். நவம்பர் 11 அன்று சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை அப்படியே பறக்கும். நினைவு நிகழ்வு நடக்கும் இடத்தில் மட்டும் 11 மணிக்கோ நிகழ்ச்சி நிரல்படியோ இறக்கலாம். சுவரில் சாய்வாகப் பொருத்திய, கயிறில்லாத கம்பத்துக் கொடியை அரைக்கம்பத்தில் விடமுடியாது. அதை அப்படியே விடுங்கள்.

அணிவகுப்பில் லாஸ்ட் போஸ்ட் ஒலிக்கும்போது லீஜனின் கொடிகள் தாழும். கனடாத் தேசியக் கொடி தாழாது. பிள்ளைகளிடம் சின்னக் கொடிகளைக் கொடுத்து ‘எல்லோரும் இறக்குங்கள்’ என்று பயிற்றுவிக்காதீர்கள்.

தாத்தாவின் பதக்கம்

மலாயாவிலோ பர்மாவிலோ பிரித்தானியப் படையில் இருந்த தாத்தாவின் பதக்கங்கள் சில தமிழ் வீடுகளில் உண்டு. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடும்பத்தினர் அவற்றை வலது மார்பில் அணியலாம். கனடாவில் கூடாது. தனக்கு வழங்கப்படாத போர்ப் பதக்கத்தை அணிவது குற்றவியல் சட்டத்தின் 419 ஆவது பிரிவின்கீழ் குற்றம், எந்தப் பக்கத்தில் குத்தினாலும். பதக்கங்களைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, அருகே அவர் பெயர், படைப்பிரிவு, இருந்த ஆண்டுகள் எழுதி மேசையில் வையுங்கள். மார்பில் தொங்குவதைவிட எல்லோரும் கிட்டப்போய்ப் பார்ப்பார்கள்.

சல்யூட் வைப்பதும் படையினருக்கே. சாதாரண உடையில் இருப்பவர்கள் தொப்பியைக் கழற்றிக் கைகளைப் பக்கத்தில் விட்டு நிமிர்ந்து நின்றால் போதும். சமய முறைப்படி அணியும் தலைப்பாகைக்கு இது பொருந்தாது. முதலாம் போரில் கனேடியப் படையில் சேர்ந்து போரிட்ட பக்கம் சிங் (Buckam Singh) என்ற சீக்கியரின் கல்லறை ஒன்ராறியோவின் கிச்சனரில், மவுண்ட் ஹோப் மயானத்தில் இருக்கிறது. சீக்கியர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடி நினைவுகூருகிறார்கள்.

நினைவுத்தூணுக்குப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவின் பழைய நகரசபைக் கட்டடத்தின் முன்னால் உள்ள நினைவுத்தூண் 1925 இல் திறக்கப்பட்டது. நகரின் முக்கிய நிகழ்வு அங்கேதான். ஸ்காபரோக்காரர்களுக்குக் கிங்ஸ்டன் வீதியும் டான்ஃபோர்த்தும் சந்திக்கும் இடத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. ஒட்டாவாவில் தேசியப் போர் நினைவுச்சின்னம். அதன் முன்னால், 2000 மே மாதம் பிரான்சின் விமி அருகிலிருந்து கொண்டுவரப்பட்ட பெயர் தெரியாத படைவீரனின் கல்லறை. ஒட்டாவாவுக்குப் போகிறவர்கள் பத்து மணிக்கு முன்பே இடம்பிடியுங்கள். ஒரு மணிநேரத்துக்கு மேல் கொங்கிறீற் தரையில் அசையாமல் நிற்கவேண்டியிருக்கும். கோட்டைவிடத் தடித்த காலுறைதான் காப்பாற்றும்.

அங்கே 21 பீரங்கி வேட்டுகள் தீர்க்கப்படும், போர்விமானங்கள் தலைக்கு மேல் தாழப் பறக்கும். போருக்குள் வாழ்ந்துவிட்டு வந்த பெரியவர்களை அழைத்துப் போவதென்றால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கூட்டத்தின் ஓரமாக, விலகிப்போக வழியுள்ள இடத்தில் நிறுத்துவது நல்லது. சொல்லாமல் கூட்டிக்கொண்டு போவது கொடுமை.

மலர்வளையம் வைக்க விரும்பும் அமைப்புகள் செப்டம்பர், ஒக்டோபரிலேயே உள்ளூர் லீஜன் கிளையிடம் பெயரைக் கொடுங்கள். வரிசை முன்கூட்டியே தீர்மானமாகிறது; அன்று காலை வளையத்தோடு போய் நின்றால் இடம் கிடைக்காது. ஒட்டாவாவில் வைப்பவர்களில் ஒருவர், அந்த ஆண்டுக்கு லீஜன் தெரிவுசெய்த ‘வெள்ளிச் சிலுவைத் தாய்’. போரிலோ படைச்சேவையிலோ பிள்ளையை இழந்த எல்லாத் தாய்மாருக்காகவும் அவர் வைக்கிறார்.

வைக்கும் முறை இது. உங்கள் அமைப்பின் பெயர் அழைக்கப்பட்டதும் வளையத்தை இரண்டு கைகளாலும் மார்பளவில் பிடித்து, அவசரமில்லாமல் நடந்து போங்கள். குனிந்து தாங்கியில் வைத்து, அது நிற்கிறது என்று உறுதியான பிறகே கையை எடுங்கள். ஓரடி பின்வைத்து, தலை தாழ்த்தி, மனதுக்குள் மூன்று எண்ணும் நேரம் நின்று, திரும்பி வாருங்கள். ஒரு வளையத்துக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். முழு நிர்வாகக்குழுவும் சேர்ந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் வரிசை காத்திருக்கிறது. நவம்பர் காற்றுக்குத் தாங்கியோடு சேர்ந்து விழும் வளையங்கள் உண்டு, எனவே மெல்லிய கம்பி ஒரு முழம் பையில் இருக்கட்டும். பெயரட்டையை ஜெல் பேனாவால் எழுதினால் முதல் தூறலில் கரைந்துவிடும். அழியாத மை கொண்ட மார்க்கர் எடுங்கள். வளையம் அங்கேயே இருக்கும், வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது.

நியூபவுண்ட்லாந்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு நாளும் உண்டு. 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் போமோன்-ஆமெலில் நியூபவுண்ட்லாந்துப் படைப்பிரிவினர் ஏறத்தாழ 800 பேர் முன்னேறினார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். அதனால் கனடா தினத்தன்று காலை அங்கே துக்கம் அனுசரிக்கிறார்கள். சட்டையில் பொப்பிக்குப் பதிலாக ‘என்னை மறவாதே’ என்று பெயர்கொண்ட சின்ன நீலப் பூ.

வேறு பூக்கள்

வெள்ளைப் பொப்பியைச் சிலர் அணிவதைப் பார்க்கலாம். 1933 இல் பிரித்தானியக் கூட்டுறவுப் பெண்கள் அமைப்பு அமைதியை வலியுறுத்தித் தொடங்கியது அது, லீஜனோடு தொடர்பில்லாதது. அதே 1930 களில் கொழும்பில் நவம்பர் 11 அன்று பொப்பிக்குப் போட்டியாகப் பூவரசம்பூ விற்றார்கள். பொப்பிப் பணம் பெரும்பாலும் பிரித்தானியாவுக்குப் போகிறது என்பதுதான் குறை. சூரியமல் இயக்கம் என்று அதற்குப் பெயர். பூவரசுக்குச் சிங்களத்தில் சூரிய. யாழ்ப்பாணத்து வேலியில் நிற்கும் அதே மரம்.

மாவீரர் நாளான நவம்பர் 27 க்குக் கார்த்திகைப்பூ அணியும் வீடுகளில் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. நாள் வேறு, பூ வேறு, யாரை நினைக்கிறோம் என்பதும் வேறு. பொப்பி 11 ஆம் திகதியோடு கழற்றப்படுவதால் இரண்டும் ஒரே சட்டையில் சேரவேண்டிய தேவை வராது.

கழற்றிய பிறகு

நிகழ்வு முடிந்ததும் பூவைக் கழற்றி மலர்வளையத்திலோ நினைவுத்தூணின் அடியிலோ வைத்துவிட்டு வரலாம். ஒட்டாவாவில் கூட்டம் கலையத் தொடங்கியதும் மக்கள் வரிசையாகப் போய்ப் பெயர் தெரியாத வீரனின் கல்லறைமேல் வைப்பார்கள். சற்று நேரத்தில் கல் தெரியாது, சிவப்பு மட்டுமே தெரியும். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கமல்ல இது. 2000 இல் கல்லறை அமைந்ததிலிருந்து தானாக வந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்கலாம். படைவீரர் ஒருவரின் மரணச் சடங்குக்கும் அணியலாம் என்பதால் காலம் தவறிய பூவும் வீணல்ல. இதழ்மேல் வெல்வெற் போன்ற பூச்சு இருக்கும். நனைத்துத் துடைத்தால் உரிந்துவிடும், உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும். ஊசியைத் தக்கையோடு சேர்த்து மூடி வையுங்கள். குழந்தையின் கோட்டில் மறந்துபோய் விட்ட பூ, மூன்றாம் நாள் துணிதுவைக்கும் இயந்திரத்தில் ஊசி மட்டுமாகக் கிடைக்கும்.